ஏழு கவடு

சனிக்கிழமை சட்டம். ஞாயிற்றுக்கிழமை குற்றவியல்.
கல்லடியில் ஒரே மண்டபம், ஒரே கரும்பலகை.
சனி எழுதியதை ஞாயிறு முழுதாய் அழிப்பதில்லை;
'எண்ணம்' என்ற சொல்லின் வாலில்
'வறுமை வீதம்' தொங்கிக்கொண்டு நிற்கும்.

அன்றைக்குக் களவு படித்தோம்.
முந்நூற்று அறுபத்தாறாம் பிரிவு.
பிறர் உடைமையிலுள்ள அசையும் பொருளை
அவர் சம்மதமின்றி
நேர்மையற்ற எண்ணத்தோடு
அசைத்தல்.
அசைத்தால் போதும் என்றார் விரிவுரையாளர்.
மேசையில் கிடந்த என் பேனையை
ஒரு விரலால் அரை அங்குலம் தள்ளினார்.
முடிந்தது பிள்ளைகள், களவு பூரணம்.

அந்த நேரம் வெளியே
என் சைக்கிள் அசைந்துகொண்டிருந்தது.

பின்சில்லில் பூட்டு. உருளாது.
பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து
முன்சில்லில் மட்டும் உருட்டியிருக்கிறான்.
மணலில் ஒற்றைக் கோடு, பக்கத்தில் வெறுங்கால்.
நடந்து அளந்தேன்: ஏழு கவடு.
எட்டாவதில் காவலாளி பிடரியில் பிடித்துவிட்டார்.

ஏழு கவடும் ஏழு கட்டையும் சட்டத்துக்கு ஒன்றுதான்.
பரீட்சையில் அப்படியே எழுதினேன். நல்ல புள்ளி.

ஞாயிறு மிஸ் வேறு மாதிரிக் கேட்டார்:
பொருள் அசையுமுன் அசைந்தது எது?
கொப்பியில் அவனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன்.
பெயர் லதுசன். வயது பத்தொன்பது. நாவலடி.
எட்டாம் வகுப்போடு நின்றவன்.
ஐஸ் கொம்பனியில் வேலை, சீசனுக்கு மட்டும்.
தகப்பன் என்ற இடத்தில் கேள்விக்குறி போட்டேன்,
மறுகா வெட்கப்பட்டு அழித்தேன்.
அழுத்தக் கோட்பாடு அவனுக்கு அளவாய் இருந்தது.
சூழல் கோட்பாடு தோளில் கொஞ்சம் தொளதொளப்பு.
முத்திரை குத்தும் கோட்பாட்டுக்கு அவசரமில்லை,
வழக்கு முடியட்டும்.

"முறைப்பாட்டாளர் பூபாலப்பிள்ளை ஜெனிற்றா!"
கூப்பிட்ட குரலுக்கு
நான் செய்ததுபோல எழும்பினேன்.
இது உம்முடைய சைக்கிளா?
ஓம்.
கொண்டுபோகச் சம்மதம் கொடுத்தீரா?
இல்லை.
இரண்டும் உண்மை.
இரண்டையும் கூட்டிப் பார்த்தேன்,
கூண்டில் நின்ற பொடியன் வரவில்லை.
அவனுடைய சட்டத்தரணியும் வரவில்லை. தவணை.

வராந்தாவில் கேட்டேவிட்டேன்.
சாட்சி கேட்கக்கூடாது, தெரியும்.
ஏன் தம்பி, பூட்டில்லாமல் நாலு சைக்கிள் நிண்டதே?
நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:
"பூட்டிக் கிடந்ததக்கா.
அதான் நல்ல சைக்கிளெண்டு நினைச்சன்."

இதற்கு என் கொப்பியில் நிரல் இல்லை.
அந்த லுமாலாவுக்குச் செயின் கழலும்,
வலது பிரேக் சும்மா பேருக்கு,
சீற்றுக்குள்ளால் ஸ்பிரிங் எட்டிப்பார்க்கும்.
பூட்டு மட்டும் புதிது.

இப்போது அது பொலிஸ் முற்றத்தில் வழக்குப் பொருள்,
ஹாண்டிலில் நூலால் கட்டிய இலக்கத்தோடு.
அவன் அசைத்தது ஏழு கவடு.
லொறியில் ஏற்றி அரசு அசைத்தது இரண்டு கட்டை,
நேர்மையான எண்ணத்தோடு.
ஐந்து மாதமாய் மழையில் நிற்கிறது.
நான் வகுப்புக்கு நடக்கிறேன்.

அன்று பாலத்தில் எனக்கு முன்னால் அவனும் நடந்தான்.
பஸ்ஸுக்குக் காசில்லையோ, பஸ் போய்விட்டதோ,
குறித்துக்கொள்ளவில்லை.
நடுப்பாலத்தில் நின்று திரும்பினான்.
"அக்கா, அடுத்த தவணை எப்பவாம்?
அந்த ஐயா கெதியாச் சொல்லிப்போட்டார்."

பதினேழு. ஒன்பது மணிக்கு முன்னம் வா.
சேட்டை உள்ளே விட்டுக்கொண்டு வா.

வாழ்நாளில் நான் கொடுத்த முதல் சட்ட ஆலோசனை,
அதுவும் எதிர்த்தரப்புக்கு.
அவன் கொஞ்ச நேரம் கைபிடிக் கம்பியைச் சுரண்டினான்.
கடன் வைக்க விருப்பமில்லாதவன்போல:

"சைக்கிள் கிடைச்சா அந்தப் பூட்டைக் கழட்டிப்போடுங்கக்கா.
மறுகா ஒருத்தனும் தொடமாட்டான்."